பஞ்சாபி ‘மாக்’ மாதமும் தமிழ்த் தை, மாசியும்: பெயர், பொழுது, பொருள்

ஆய்வுச் சுருக்கம்

பஞ்சாபி நாட்காட்டியின் 11ஆம் மாதமாகிய ‘மாக்’ பெயரால் தமிழ் மாசியையும், ஞாயிற்றின் இருப்பால் தமிழ்த் தையையும், பருவப் பகுப்பால் பின்பனியையும் ஒத்திருக்கின்றது. பஞ்சாபி இலக்கியத்தைத் தமிழில் பெயர்ப்போரும், இரு மொழி இலக்கியங்களையும் ஒப்பிடுவோரும் பெயரொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு மாக் என்பதை மாசி எனக் கொள்வராயின், பாடல்களின் முதற்பொருள் ஒரு திங்கள் இடம்பெயர்ந்துவிடும். இவ்வேறுபாட்டின் காரணத்தையும், அம்மாதத்தின் வழக்காறுகளையும், ‘பாரஹ்மாஹ’ பாடல்களில் அது பெறும் பொருளையும் ஆராய்ந்து, மொழிபெயர்ப்புக்குரிய நெறியொன்றை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

திறவுச் சொற்கள்: மாக், மாகி, பாரஹ்மாஹ, பின்பனி, தைந்நீராடல், நானக்ஷாஹி நாட்காட்டி.

1. முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணக் கோட்பாடு. பொழுது பிழைபடின் அதன்வழி அமையும் கருப்பொருளும் உரிப்பொருளும் நிலைகுலையும். அகப்பாடல் உரைகளில் பெரும்பொழுதினை வரையறுப்பதற்கு உரையாசிரியர்கள் அத்துணைக் கருத்துச் செலுத்தியமைக்கு இதுவே காரணம். பிறமொழிப் பாடல்களைத் தமிழாக்கும்போதும் இந்தக் கருத்து வேண்டப்படுகின்றது. எனினும், இந்திய மொழிகளின் மாதப் பெயர்கள் பெரும்பாலும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவையாதலின், ஒலியொத்த பெயர்கள் ஒரே காலத்தைக் குறிப்பன என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகின்றது.

மாக் என்னும் பெயரும் மாசி என்னும் பெயரும் மக நாண்மீனின் பெயரடியாகப் பிறந்தவை. ஆயினும் பஞ்சாபில் மாக் பிறப்பது சனவரி நடுவில். தமிழகத்தில் மாசி பிறப்பது பிப்ரவரி நடுவில். ஒரே பெயர் இரு வேறு ஞாயிற்றுத் திங்கள்களுக்கு உரியதானது எவ்வாறு என்பது முதல் வினா. அவ்வேறுபாடு இலக்கியப் பொருளை எவ்வாறு தாக்கும் என்பது இரண்டாவது வினா.

2. ஒரு பெயர், இரு திங்கள்

மதி நிறையும் நாளில் அது எந்த நாண்மீனை அடுத்து நிற்கின்றதோ அதன் பெயரால் திங்களைக் குறிப்பது பழைய வழக்கு. மதி மகத்தை அடுத்து நிறையும் திங்கள் மாகம். இது மதியை அடிப்படையாகக் கொண்ட பெயர். தமிழரும் பஞ்சாபியரும் நாள்தோறும் வழங்கும் மாதங்களோ, ஞாயிறு ஓர் இராசியிலிருந்து மற்றோர் இராசிக்குச் செல்வதைக் கொண்டு எண்ணப்படுபவை. அத்தகைய மாதப்பிறப்பைப் பஞ்சாபியர் ‘சங்க்ராந்த்’ என்பர். மதித்திங்களின் பெயரை ஞாயிற்றுத் திங்களுக்குச் சூட்டுங்கால் எந்தத் திங்களுக்கு எந்தப் பெயர் என்பதை முடிவு செய்ய வேண்டியதாயிற்று. இங்கேதான் வழக்குகள் பிரிந்தன.

மாகத் திங்களின் நிறைமதி, ஞாயிறு மகரத்தின் பிற்பாதியில் நிற்கும்போதும் நிகழலாம். கும்பத்தின் முற்பாதியில் நிற்கும்போதும் நிகழலாம். 2023ஆம் ஆண்டில் வடநாட்டார் மாக பௌர்ணமி கொண்டாடிய பிப்ரவரி 5ஆம் நாள் தமிழகத்தில் தைப்பூசம். 2024ஆம் ஆண்டின் மாக பௌர்ணமியாகிய பிப்ரவரி 24ஆம் நாள் தமிழகத்தில் மாசி மகம். எனவே மாகத் திங்கள் தையோடும் மாசியோடும் மாறிமாறி உறவுடையது. ஞாயிற்றுத் திங்களுள் எதற்கு அப்பெயரைச் சூட்டினும் பிழையென்று சொல்ல இயலாது.

தமிழ் வழக்கு, மக நாண்மீனில் மதி நிறைதற்கு இயல்பான இடமாகிய கும்ப ஞாயிற்றுத் திங்களுக்கு அப்பெயரை வழங்கிற்று. பஞ்சாபி வழக்கு மகர ஞாயிற்றுத் திங்களுக்கு அதனை வழங்கிற்று. வடநாட்டில் மதித்திங்கள் நிறைமதியோடு முடிவுறுவதாக எண்ணப்படுகின்றது. அவ்வாறு எண்ணின் மாகத் திங்களின் நடுநாள் மறைமதி நாளாகும். அம்மறைமதி எப்போதும் ஞாயிறு மகரத்தில் நிற்கையிலேயே நிகழும். நாம் தை அமாவாசை என வழங்கும் நாளையே வடநாட்டார் மாக மாதத்து மௌனி அமாவாசை எனப் போற்றுகின்றனர். ஆகவே திங்களின் நடுப்பகுதியை நோக்கிப் பெயரிடின் மகரத் திங்கள் மாக் ஆகும். அதன் நிறைவை நோக்கிப் பெயரிடின் கும்பத் திங்கள் மாசியாகும். இவ்விரு வழக்குகளின் அமைப்பையும் இவ்வாறு விளக்கலாம்.

இவ்வேறுபாடு மாக் ஒன்றனோடு நின்றுவிடுவதன்று. ஆண்டு முழுதும் ஓடுகின்றது. பஞ்சாபியரின் வைசாக் நமது சித்திரை, ஜேட் வைகாசி, ஹாட் ஆனி, சாவண் ஆடி, பாதோன் ஆவணி, அஸ்ஸூ புரட்டாசி, கத்தக் ஐப்பசி, மக்கர் கார்த்திகை, போஹ் மார்கழி, மாக் தை, பக்கண் மாசி, சேத் பங்குனி. சாவண் என்பதனை ஒலியொப்புமையால் ஆவணியெனப் பெயர்த்தால், சூலைத் திங்களில் பஞ்சாபை நனைக்கத் தொடங்கும் பருவமழை ஆகஸ்டு நடுவுக்குத் தள்ளப்பட்டுவிடும்.

இத்தகைய சிக்கல் தமிழிலக்கியத்துக்குள்ளேயே உண்டு. பரிபாடலின் 11ஆம் பாடல் ஆதிரை நிறைமதி நாளைக் கூறி, அதனையொட்டிய நீராடலைத் தைந்நீராடல் எனக் குறிப்பிடுகின்றது. ஆதிரை நிறைமதி இன்றைய வழக்கில் மார்கழிக்குரியது. நிறைமதியோடு திங்கள் முடிந்து மறுநாள் புதிய திங்கள் பிறப்பதாகக் கொண்ட பழைய கணக்கினால் இம்முரண் நீங்கும் என்று அறிஞர் சிலர் விளக்குவர். மார்கழி நீராடலும் தைந்நீராடலும் ஒன்றா, வேறா என்னும் ஆராய்ச்சி, மாக் தையா, மாசியா என்னும் வினாவோடு ஒரே வேரினின்று எழுவதாகும்.

3. பருவப் பகுப்பில் மாக்

தமிழ் உரைமரபு ஆவணி, புரட்டாசியைக் கார் எனத் தொடங்கி ஆண்டை அறுவகைப் பொழுதாகப் பகுக்கின்றது. அதன்படி மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வடமொழிச் சூரிய சித்தாந்தமோ மகரத்தில் ஞாயிறு புகுவது முதல் இவ்விரண்டு இராசிகளை ஒவ்வொரு பருவத்துக்கும் உரியனவாக்கி, மகரத்தையும் கும்பத்தையும் பிற்பட்ட பனிக்காலமாகிய சிசிரத்துக்கு வழங்குகின்றது. இரு பகுப்புகளுக்கும் இடையே ஒரு திங்கள் இடைவெளி உள்ளது.

சீக்கியர்களின் ஐந்தாம் குருவாகிய குரு அர்ஜன் (1563–1606) இராம்கலி இராகத்தில் அருளிய ‘ருத்தி’ என்னும் பருவப்பாடல், மக்கரையும் போஹையும் ஒரு பருவமாகவும், மாக்கையும் பக்கணையும் ஆண்டின் இறுதிப் பருவமாகவும் இணைக்கின்றது. இப்பாடலில் முற்பட்ட பனிக்கு ‘சிசியர்’ என்னும் பெயரும் பிற்பட்ட பனிக்கு ‘ஹிம்கர்’ என்னும் பெயரும் வழங்கப்பட்டுள்ளன. வடமொழிப் பகுப்பில் மாக, பல்குனத் திங்கள்களுக்குரிய சிசிரம் என்னும் பெயர் இங்கு முற்பட்ட பனிக்கு உரியதாகியுள்ளது. பெயர் இடம் மாறினும் திங்கள்களின் இணைப்பு மாறவில்லை. எனவே பஞ்சாபி மரபில் மாக் ஐயமின்றிப் பின்பனியின் முதல் திங்கள்.

இதனால் மொழிபெயர்ப்பாளர் முன் இருதலைச் சிக்கல் எழுகின்றது. தை என்று பெயர்த்தால் காலம் பொருந்தும். ஆனால் தமிழ் இலக்கணம் கற்றவர் அதனை முன்பனியாகக் கொள்வர். மாசி என்று பெயர்த்தால் பருவப்பெயர் பொருந்தும். காலம் ஒரு திங்கள் தவறும்.

4. மாகியின் வழக்காறுகள்

போஹ் மாதத்தின் இறுதி இரவு லோஹ்ரி. மறுநாள் மாக் முதல் நாள். அதற்கு ‘மாகி’ என்று பெயர். அது தமிழகத்தின் பொங்கலோடு ஒரே நாளிலோ, ஒரு நாள் முன்பின்னாகவோ வருகின்றது. லோஹ்ரி இரவில் தீமூட்டி எள், வெல்லம், நிலக்கடலை, சோளப்பொரி ஆகியவற்றைத் தீயிலிட்டும் பகிர்ந்தும் உண்பர். அவ்விரவில் கரும்புச் சாற்றில் அரிசியிட்டுச் சமைத்து, அதனை மறுநாட் காலையில் உண்ணும் வழக்கம் உண்டு. போஹில் சமைத்ததை மாக்கில் உண்பது எனும் கருத்தில் ஊர்வழக்குத் தொடர் ஒன்றும் வழங்குகின்றது. சமையலும் உணவும் இரு மாதங்களில் அமைவதால் மாதப்பிறப்பு ஒரு வீட்டுச் சடங்காகவே உணரப்படுகின்றது.

லோஹ்ரியையும் மாகியையும் பொங்கலைப் போன்ற அறுவடை விழா எனக் கூறும் வழக்கம் பரவலாக உள்ளது. நாளொற்றுமையினால் எழுந்த இக்கருத்தினைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். தமிழகத்தில் தை பிறக்கும்போது சம்பா நெல் அறுவடைக்கு வருகின்றது. பஞ்சாபின் முதன்மைப் பயிராகிய கோதுமை அப்போது பசும்பயிராகவே நிற்கின்றது. அது ஐப்பசி, கார்த்திகை அளவில் விதைக்கப்பட்டு வைசாக்கிலேயே அறுக்கப்படுவது. மாக்கில் கைக்கு வருவன கரும்பும் வெல்லமும் கடுகுக் கீரையுமே. கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூப்பதும், மாக வளர்பிறை ஐந்தாம் நாளில் வசந்த பஞ்சமி கொண்டாடுவதும் இக்காலத்தில்தான். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளால் இக்குளிர்காலத்தில் பெய்யும் சிறுமழை கோதுமைக்கு உயிர்நீர். சுருங்கச் சொன்னால், தை தமிழர்க்குப் பயன்கொள்ளும் திங்கள். மாக் பஞ்சாபியர்க்குக் காத்திருக்கும் திங்கள். காலம் ஒன்றாயினும் கருப்பொருள் வேறு.

மாகிக்கு வரலாற்று நினைவும் ஒன்று உண்டு. 1705ஆம் ஆண்டில் பத்தாம் குருவாகிய குரு கோவிந்த் சிங்கைத் தொடர்ந்து வந்த முகலாயப் படையோடு சீக்கியர்கள் கித்ரானா என்னும் நீர்நிலையருகே பொருதனர். அனந்த்பூர் முற்றுகையின்போது குருவை விட்டு நீங்கிய நாற்பதின்மர், மாயி பாகோ என்னும் பெண்மணியின் தூண்டுதலால் மீண்டு வந்து போரில் உயிர்நீத்தனர் என்பது சீக்கிய மரபு. அவர்கள் விட்டுச்சென்ற விலகல் ஓலையை, இறக்கும் நிலையிலிருந்த மகான் சிங்கின் வேண்டுகோளுக்கு இணங்கி, குரு கிழித்தெறிந்தார் என்றும் அம்மரபு கூறும். அந்நாற்பதின்மர் ‘சாலீ முக்தே’, அதாவது வீடுபெற்ற நாற்பதின்மர், எனப் போற்றப்படுகின்றனர். கித்ரானா ‘முக்த்சர்’, அதாவது வீடுபேற்றுக் குளம், எனப் பெயர் பெற்றது. போர் நிகழ்ந்த நாள் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், நினைவுவிழாவுக்குரிய நாளாக மாகியே நிலைபெற்றுள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் முக்த்சரில் பெருந்திரளாகக் கூடி மக்கள் குளத்தில் நீராடுகின்றனர். வடநாட்டின் பழைய மாக நீராடல் இங்கு ஈகியர் நினைவோடு இணைந்து, பிரிந்தோர் மீண்டு பொருந்துதல் என்னும் புதுப்பொருளைப் பெற்றுள்ளது.

5. பாரஹ்மாஹ பாடல்களில் மாக்

பன்னிரு திங்களையும் வரிசையாகப் பாடி, ஒவ்வொரு திங்களிலும் தலைவியின் மனநிலையைப் புலப்படுத்தும் இலக்கிய வகை பஞ்சாபியில் ‘பாரஹ்மாஹ’ எனப்படும். இந்தியில் ‘பாரஹ்மாசா’ என்பர். தமிழ் அகப்பாடல் பொதுவாக ஒரு பொழுதினைத் தேர்ந்து அதனுள் நிற்கின்றது. பாரஹ்மாஹ ஆண்டு முழுவதையும் கடந்து செல்கின்றது. ஆகவே ஒரு திங்களின் பொருளை அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் திங்கள்களே உறுதி செய்கின்றன.

குரு கிரந்த் சாகிப்பில் இவ்வகைப் பாடல்கள் இரண்டு உள்ளன. குரு நானக் (1469–1539) துகாரி இராகத்தில் அருளியது 17 பாடல்களையுடையது. குரு அர்ஜன் மாஜ் இராகத்தில் அருளியது 14 பாடல்களையுடையது. இரண்டும் சேத்தில் தொடங்கிப் பக்கணில் முடிகின்றன. குரு அர்ஜனின் பாடலை மாதப்பிறப்புதோறும் குருத்வாராக்களில் ஓதுவது மரபு.

குரு நானக்கின் பாடலில் போஹ் உறைபனியின் திங்கள். காட்டின் சாரத்தையும் புல்லின் சாரத்தையும் பனி உறிஞ்சிவிடுகின்றது. அடுத்து வரும் மாக்கில் நிலை மாறுகின்றது. தீர்த்தம் தன்னுள்ளேயே இருப்பதை உயிர் அறிந்து தூய்மை பெறுகின்றது. கங்கை, யமுனை முதலியவை கூடும் சங்கமமும், ஏழு கடல்களும், அறுபத்தெட்டுத் தீர்த்தங்களும் இறைநினைவினுள் அடங்கிவிடுகின்றன. பக்கணில் உயிர்த்தலைவி இறைத்தலைவனோடு கூடி மகிழ்கின்றாள். எனவே போஹின் வாட்டத்துக்கும் பக்கணின் கூட்டத்துக்கும் இடையே நிற்கும் திருப்பமே மாக்.

குரு அர்ஜனின் பாடல் இதனை அறத்தின்மேல் நிறுத்துகின்றது. சான்றோரின் அடிப்பொடியே மாக்கில் நீராடத்தக்க தீர்த்தம். உயிர்களிடத்துக் காட்டும் இரக்கம் அறுபத்தெட்டுத் தீர்த்தங்களில் ஆடிய பயனுக்கு ஒப்பானது என்பது அதன் கருத்து. குரு நானக்கிடம் அகத்தே திரும்பிய நீராடல், குரு அர்ஜனிடம் சமூகத்தை நோக்கித் திரும்புகின்றது.

இவ்விரு பாடல்களும் மறுத்துப் பேசும் புறநிகழ்வு எது என்பதே மொழிபெயர்ப்புக்கு இன்றியமையாத வினா. பிரயாகையில் மகர சங்கராந்தியையும் மௌனி அமாவாசையையும் ஒட்டி நிகழும் மாக நீராடலே அது. சங்கமத்தைப் பற்றிய குறிப்பு இதனைத் தெளிவாக்குகின்றது. கடுங்குளிரில் விடியற்காலையில் ஆற்றில் மூழ்குவது அரிய நோன்பு. அவ்வருமையினால்தான் அதனை அகத்துக்கு மாற்றுவது வலிமையான கூற்றாகின்றது. மாசி எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது மாசி மகக் கடலாட்டும் குடந்தை மகாமகமும் ஆகும். அவையும் நீராடலே எனினும், தமிழகத்தில் அப்போது வெயில் ஏறத் தொடங்கிவிடுகின்றது. தைந்நீராடலை நினைவூட்டும் தை என்னும் சொல்லே பாடலின் குளிருக்கு அணுக்கமானது.

ஜாயசியின் அவதி மொழிக் காப்பியமாகிய பத்மாவத் இதற்கு நல்லதோர் ஒப்பீடு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்காப்பியத்தில் நாக்மதியின் பாரஹ்மாசா ஆஷாடத்தில் தொடங்குகின்றது. அதில் மாக் எட்டாம் திங்கள், உறைபனி அப்போதுதான் விழுகின்றது, பிரிவுத்துயர் நீடிக்கின்றது. குரு நானக் பாடலைச் சேத்தில் தொடங்கியதால் மாக் பதினோராம் இடத்தில், கூட்டத்தின் வாயிலில் நிற்கின்றது. ஒரே திங்கள் ஓரிடத்தில் துயராகவும் மற்றோரிடத்தில் தெளிவாகவும் அமைதற்குத் தொடக்கத் திங்களின் தேர்வும் ஒரு காரணமாகின்றது.

தொல்காப்பியம் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிமையாக்குகின்றது. தமிழ் மரபில் பின்பனி தலைவன் பிரிந்து செல்லும் பொழுது. குருமார் பாடல்களில் அதே பெயருடைய பருவம் தலைவனை அடையும் பொழுது. இவ்வேறுபாட்டினை உணராது மாக்கைப் பின்பனியெனக் கூறி நிறுத்தின், தமிழ் வாசகர் பாலையின் பிரிவையே எதிர்நோக்குவர்.

6. நாட்காட்டிச் சீர்திருத்தமும் மாக்கின் நிலையும்

ஒரு பாடலின் பொழுது நூற்றாண்டுகளைக் கடந்தும் அதே பொழுதாக நிலைக்குமா என்னும் வினா பஞ்சாபில் நடைமுறைச் சிக்கலாகவே எழுந்தது. பழைய பிக்ரமி நாட்காட்டி, தமிழ் நாட்காட்டியைப் போன்றே, நாண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட ஆண்டினை உடையது. சூரிய சித்தாந்தக் கணக்கில் அவ்வாண்டு பருவ ஆண்டினும் சற்று நீண்டது; ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வேறுபாடு உண்டாகும். குரு நானக் காலத்துக்கும் நமக்கும் இடைப்பட்ட 500 ஆண்டுகளில் மாதப்பிறப்பு ஏறத்தாழ 8 நாள் பின்தள்ளிப் போயிருக்கின்றது. இன்றைய கணக்கில் சொன்னால், அவர் காலத்து மாக் சனவரி முதல் வாரத்தின் இறுதியை ஒட்டிப் பிறந்தது.

பாடல்களில் கூறப்படும் பருவம் மாதப் பெயரினின்று விலகிவிடக் கூடாது என்பது கனடாவில் வாழ்ந்த பால் சிங் புரேவால் வகுத்த நானக்ஷாஹி நாட்காட்டியின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு 2003இல் இதனை நடைமுறைப்படுத்தியது. இது பருவ ஆண்டைக் கொண்டது. முதல் ஐந்து மாதங்கள் 31 நாளும் ஏனையவை 30 நாளும் உடையவை. மிகைநாள் ஆண்டில் பக்கணுக்கு மட்டும் ஒரு நாள் கூடும். இதன்படி மாக் எப்போதும் சனவரி 13இல் பிறக்கும். 2010இல் செய்யப்பட்ட திருத்தம் மாதப்பிறப்புகளை மீண்டும் பிக்ரமி சங்க்ராந்தோடு பொருத்தியது. வெளிநாட்டுக் குருத்வாராக்கள் சிலவும் பாகிஸ்தானின் சீக்கியக் குருத்வாராக் குழுவும் 2003ஆம் ஆண்டின் வடிவையே பின்பற்றுகின்றன. ஆகவே மாகி இன்று சீக்கியரிடையே இரு நாள்களில் வரக்கூடியது. பாடலின் பொழுதைக் காப்பதா, வழிவழி வந்த நாளைக் காப்பதா என்னும் விவாதம் இதனுள் அடங்கியுள்ளது. தமிழ் மாதப்பிறப்புகளும் இதே அளவில் பருவத்தினின்று நகர்ந்து வருதலின், இவ்விவாதம் சங்கப் பாடல்களின் பெரும்பொழுதை ஆராய்வார்க்கும் பயன்படும்.

7. மொழிபெயர்ப்பு நெறி

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன.

முதலாவது, சமயப் பாடல்களில் மாக் என்னும் பெயரை அவ்வாறே எழுதுதல் வேண்டும். மாதப்பிறப்புதோறும் ஓதப்படும் பாடலில் மாதத்தின் பெயரே ஓதலுக்கு அடையாளமாதலின், அதனை மாற்றுவது வழிபாட்டுத் தொடர்பை அறுப்பதாகும்.

இரண்டாவது, அதற்கு எழுதும் விளக்கத்தில் காலமும் பருவமும் தனித்தனியே கூறப்படல் வேண்டும். ஞாயிறு மகரத்தில் நிற்கும் திங்கள். தமிழ்த் தைக்கு நேரானது. பஞ்சாபி மரபில் பின்பனியின் தொடக்கம் என்னும் மூன்று செய்திகளும் அதில் அமைதல் நன்று.

மூன்றாவது, கதை, நாட்டுப்புறப் பாடல் முதலியவற்றில் தமிழ்ப் பெயர் வேண்டப்படின் தை என்பதே கொள்ளத்தக்கது. அதே நூலில் பிற மாதங்களையும் இக்கணக்கின்படியே பெயர்த்தல் வேண்டும். ஒரு மாதத்தை ஒலியாலும் மற்றொன்றைக் காலத்தாலும் பெயர்த்தால் இரு மாதங்கள் ஒரே பெயர் பெறும். அல்லது ஒரு மாதம் விடுபடும்.

8. முடிவுரை

மாக், மாசி என்னும் பெயர்கள் ஒரு நாண்மீனினின்று பிறந்து இரு திங்கள்களில் வழங்குகின்றன. மதித்திங்கள் இரண்டு ஞாயிற்றுத் திங்கள்களின் மேல் படிவதே இதற்குக் காரணம். பஞ்சாபியர் முன்னதையும் தமிழர் பின்னதையும் அப்பெயரால் வழங்கினர். நாளால் தையோடு ஒன்றுபடும் மாக், விளைச்சலால் அதனின் வேறுபட்டது. பருவப் பெயரால் மாசியோடு ஒன்றுபட்டு, உரிப்பொருளால் அதனின் வேறுபட்டது. குருமார் பாடல்களில் அது உறைபனிக்கும் கூடலுக்கும் இடைப்பட்ட தெளிவின் திங்களாகவும், முக்த்சர் மரபில் பிரிந்தோர் மீண்ட திங்களாகவும் பொருள்பெறுகின்றது. இப்பொருள்கள் தமிழில் சிதையாது வருதற்கு, பெயரின் ஒலியைக் கடந்து ஞாயிற்றின் இருப்பையும் நிலத்தின் விளைவையும் நோக்குதல் இன்றியமையாதது. வங்காளம், அசாம் முதலிய மொழிகளும் மேட ஞாயிற்றுத் திங்களை வைசாகப் பெயரால் வழங்குவதால், அம்மொழி இலக்கியங்களைத் தமிழாக்குவார்க்கும் இந்நெறி பொருந்தும்.